நெட்வொர்க்குக்குப் பொட்டு எங்கே வைப்பது?

எந்தக் கம்பியைப் பார்த்தாலும் அது எங்கே போகிறது என்று அன்புச்செல்விக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசியாக அடையாற்றில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோதுகூட, கூரையோரம் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்த வெள்ளை வைஃபை டப்பாவை மகளிடம் காட்டி, "அதுக்கு லைன் எந்தப் பக்கத்துலேந்து வருது? பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். மகள் வராந்தா வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும், "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இது அதற்கு வெகு காலம் முன்பு, தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது அவள் டெலக்ஸ் ஆபரேட்டர்.

தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், கைத்தறித் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி. மாடியில் ஆபீஸ். அதன் மூலையில் மரத்தடுப்பு போட்ட ஓர் அறை. அறைக்குள் அவளும் டெலக்ஸ் மெஷினும். பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும்; கொஞ்சம் பெருத்த உடம்பு. இங்கே அடிப்பது அதே நொடியில் லாகோஸிலோ ஹாம்பர்கிலோ ஒரு தாளில் விழும். அடிப்பதற்கு முன்பு ஒரு விசையைத் தட்டி 'நீ யார்' என்று கேட்க வேண்டும். எதிர்முனை மெஷின், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தானாகவே தன் பெயரை அடித்துக் காட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து அசந்துபோய், "இந்தப் பேரை அது உள்ள எங்க எழுதி வெச்சிருக்கு?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ அடி, அது போவும்" என்று சொல்லிவிட்டு, அவர் மூடியைத் திருகி, திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் அந்த மூடி அவள் எதிரில் திறக்கப்படவே இல்லை. பழுது பார்க்க வந்தால் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஃபாக்ஸ் வந்தது. டெலக்ஸ் செய்திகள் தேய்ந்து, வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம் என்றானது. அந்த வருஷம் ஆபீஸில் கம்ப்யூட்டர்களும் வந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒரு கறுப்புக் கம்பியால் கோக்கப்போவதாகவும், அதற்கு நெட்வொர்க் என்று பெயர் என்றும் சொன்னார்கள். எல்லாக் கோப்புகளையும் வைத்துக்கொள்ளும் பெரிய பெட்டியான சர்வருக்கு, குளிர்ச்சியான, பூட்டக்கூடிய அறை தேவைப்பட்டது. அப்படி இருந்தது டெலக்ஸ் அறை ஒன்றுதான். கம்பி அங்கே தொடங்கி, மேஜை மேஜையாகப் போய், மேனேஜர் அறையில் முடிந்தது.

கம்பி இழுக்க வந்தவன் விக்கி. மந்தைவெளிப் பையன். கல்லூரி முடித்த சூட்டோடு வேலைக்கு வந்திருந்தான். அவன் தரையில் படுத்துக்கொண்டு வேலை செய்ய, அன்புச்செல்வி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பாள்.

"தம்பி, இதுல நீ யாருன்னு எப்படிக் கேக்கும்?"

"கேக்கவே கேக்காதுக்கா. ஒருத்தன் பேசினா எல்லாருக்கும் கேக்கும். யாருக்குன்னு மேல எழுதியிருக்கோ அவன் மட்டும் எடுத்துப்பான். மத்தவன்லாம் காதுலயே வாங்காத மாதிரி இருப்பான்."

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா?"

"ரெண்டு பேருமே நிறுத்திடுவான். கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசுவான். எவ்ளோ பொறுக்கணும்னு அவனவன் சீட்டுக் குலுக்கிப் பாத்துக்குவான்."

அன்புச்செல்வி சிரித்துவிட்டாள். "எங்க தெருக் கொழாயடிக்கு வந்து இத ஒரு நாள் சொல்லிக் குடேன்."

மேனேஜர் அறையில், கடைசிக் கம்ப்யூட்டரின் முதுகில் விக்கி விரல்நுனி அளவு உலோக மூடி ஒன்றைத் திருகினான். டெலக்ஸ் அறையில் இருந்த முனையிலும் அதே மாதிரி ஒன்றைப் போட்டிருந்தான். அன்புச்செல்விக்கு அது உறுத்தியது.

"அதுக்கு மேல கம்பியே இல்லையே. எதுக்கு மூடணும்? எங்க ஓடிடப் போவுது?"

"மூடலன்னா எதுவுமே வேலை செய்யாதுக்கா. மொத்த நெட்வொர்க்குக்கும் இதுதான் உயிர்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

விக்கி தலையைச் சொறிந்தான். "அது அப்படித்தான்க்கா."

மேனேஜர் ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியில் இருந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்க்காரர். தினமும் காலையில் கோயில் குளத்தைச் சுற்றிவிட்டுத்தான் ஆபீஸ் வருவார். 'உயிர்' என்ற சொல் அவர் காதில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் அவர் அன்புச்செல்வியைக் கூப்பிட்டார்.

"உக்காருங்கோம்மா. டெலக்ஸ் லைனைத் திருப்பிக் குடுத்துடப் போறோம். மாசக் கடைசியோட சரி. அக்கவுண்ட்ஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு, ஜமீலுன்னிசா பக்கத்துல. வேணும்னா உங்களுக்குத்தான். இல்லேன்னா இந்த நெட்வொர்க்கைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். விக்கி வருவான், ஆனா கூப்பிட்ட உடனே வர மாட்டான். நீங்க அவன்கிட்ட கேள்வி கேட்டுண்டே இருந்தேளே, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். தி. நகர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல சாயங்கால வகுப்பு இருக்காம். படிச்சுண்டு வரணும்."

"படிச்சும் சரியா வரலன்னா, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது வரைக்கும் அக்கவுண்ட்ஸ் சீட்டைக் காலியா வச்சுண்டு இருக்க முடியாதும்மா. வேற ஆள் போட்டுடுவோம். அதையும் இப்பவே சொல்லிடறேன். விஜயதசமி அன்னிக்கு பதில் சொல்லுங்கோ. படிப்பு ஆரம்பிக்க நல்ல நாள். அங்கேயும் அன்னிக்குத்தான் சேர்த்துக்கறா."

அதாவது, நாற்காலியை விட்டுவிட்டு, படிப்பும் ஏறாமல் போனால், வேலையே இல்லை.

ஜமீலுன்னிசாவுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. அவள் அக்கவுண்ட்ஸில் சீனியர். ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள். மதியச் சாப்பாட்டை இருவரும் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள்.

"சீட்டைத் துடைச்சே வெச்சிட்டேன் அன்பு. ஜன்னல் பக்கம் நீ உக்காந்துக்கோ, எனக்கு வெயில் ஆவாது. அத விட்டுட்டு வயர் இழுக்கப் போறியா? புடவையோடவா படுப்பே தரையில? இல்ல, விக்கிகிட்ட பேண்ட் கடன் வாங்கப் போறியா?"

"அவன் பேண்ட் எனக்கு எங்க பத்தும்?"

"பாத்தியா, அளவுகூட யோசிச்சிட்டே!"

வீட்டில் கணவன் வடிவேலுவும் அதையேதான் சொன்னான். சைதாப்பேட்டையில் ஆற்றுப் பக்கம் இரண்டு அறை வீடு. அவன் பல்லவன் பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டி முடித்துவிட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னாமே யோசிக்கிற? சேர் குடுக்கிறான், ஃபேன் காத்து குடுக்கிறான். குந்திக்கினு கணக்கு எழுதிட்டு வருவியா, கேபிள் டிவிக்காரன் மாதிரி ஏணிய தூக்கிக்கினு சுத்துவியா?"

"இது கேபிள் டிவி இல்ல."

"கறுப்பு வயருதானே?"

"கறுப்பு வயருதான்."

"அப்போ அதான் இது."

"உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்கலாம்ல."

"இத்தினி வருசமா டெலக்ஸ் அடிச்சியே, உள்ள இன்னா கீதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே சம்பளம் வாங்கல?"

வடிவேலு குரலைத் தணித்துக்கொண்டான். "சீட்டும் போய், இதுவும் வரலன்னா இன்னா பண்றது? அத சொல்லு." மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவளை இருவரும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஏணியோ தரையோ அன்புச்செல்வியின் பயம் இல்லை. 'அது அப்படித்தான்' என்று விக்கி சொன்னதுதான் பயமுறுத்தியது. அந்தத் தொழிலில் யாருக்குமே ஏன் என்று தெரியாதென்றால், அதுவும் இன்னொரு மூடிய பெட்டிதான். மூடிய பெட்டிக்கு முன்னால் உட்கார்வதற்குப் பதில், சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம்.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தைய நாளே ஆபீஸில் பூஜை போடுவது வழக்கம். மத்தியானம் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டார்கள். தூசி தட்டி, துடைத்து, வண்ணக் காகிதம் ஒட்டினார்கள். கணக்குப் புத்தகம், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், கோடவுன் சாவி எல்லாம் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் போய் உட்கார்ந்தன. அங்கே வைத்ததை விஜயதசமி வரை யாரும் எடுக்கக் கூடாது. டெலக்ஸுக்கு அன்புச்செல்வியே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். இது கடைசித் தடவை. விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் ஒரு பொட்டு.

கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"சார், எல்லாத்துக்கும் வெச்சாச்சு. நெட்வொர்க்குக்குப் பொட்டு எங்க வைக்கிறது?"

ஆபீஸே சிரித்தது. "காத்துல வை" என்றாள் ஜமீலுன்னிசா. "வயரு பூரா கோடு போட்டுக்கிட்டே போங்க, நாமம் மாதிரி" என்றார் ஷிப்பிங் கிளார்க்.

ஸ்ரீனிவாசராகவன் மட்டும் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்விதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தன் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து தாம்பாளத்தின் முன் குனிந்தார். அப்புறம் கற்பூரம், பூசணிக்காய், பொரி. ஆளுக்கொரு பொட்டலத்தோடு எல்லோரும் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள்.

விஜயதசமி காலை. நல்ல நேரம் பார்த்து ஆபீஸைத் திறந்தார்கள். தீபம் காட்டி, தாம்பாளத்தில் இருந்த சாமான்களை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவரவர் வேலையில் ஒரு வரியாவது செய்துவிட வேண்டும் என்பது ஐதீகம். கம்ப்யூட்டர்களைப் போட்டார்கள்.

எல்லாத் திரையிலும் ஒரே வரி வந்தது. சர்வரைக் காணவில்லை என்றது ஆங்கிலத்தில். மறுபடி நிறுத்திப் போட்டார்கள். மறுபடி அதே வரி.

"லாகோஸ் இன்வாய்ஸ் முழுக்க அதுக்குள்ள இருக்கு" என்று ஷிப்பிங் கிளார்க் எழுந்து நின்றார். "டெலக்ஸ் அம்மா ஏதாவது திருகிப் பாத்தாங்களா? எப்பவும் அத நோண்டிக்கிட்டே இருப்பாங்களே."

"நான் ஒண்ணும் தொடல சார்."

"யாராவது தொட்டாத்தானே நிக்கும்? நேத்து பூரா ஆபீஸே பூட்டிக் கிடந்துது."

விக்கியின் கம்பெனிக்குப் போன் அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கேயும் பூஜையாக இருக்கும். மேனேஜர் அறைக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது: ஸ்ரீனிவாசராகவன் நல்ல நேரத்துக்குள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அன்று சாயங்காலம் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கை இவள்தான் கெடுத்தாள் என்று ஆகிவிட்டால், பதில் சொல்லவே வேலை இருக்காது.

அன்புச்செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மேஜைக்கு அடியில் புகுந்தாள்.

முதலில் எலி என்று நினைத்தாள். டெலக்ஸ் அறையில் எலி உண்டு. சர்வர் உயிரோடு இருந்தது. பக்கத்து முனையில் மூடி பத்திரமாக இருந்தது. கம்பியைக் கையால் தடவிக்கொண்டே வந்ததில், பீரோவுக்குப் பின்னால் தோல் கொஞ்சம் பிய்ந்த இடம் அகப்பட்டது. இதுதான் என்று டேப் சுற்றினாள். "இப்ப பாருங்க" என்றாள்.

அதே வரி.

"எலிக்குக் கட்டுப் போட்டாச்சு, ஓடுதா?" என்றார் ஷிப்பிங் கிளார்க். நான்கு பேர் சிரித்தார்கள். ஜமீலுன்னிசா அவளைக் கை காட்டிக் கூப்பிட்டாள். "வா, அன்பு. விடு. வந்து உக்காரு இங்க. இந்தத் தலைவலி உனக்கு எதுக்கு?" ஜன்னலோர நாற்காலி, துடைத்தபடி, இழுத்துப் போடப்பட்டிருந்தது. உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

உட்காரவில்லை. பஸ் வரவில்லை என்று யாராவது புலம்பினால் வடிவேலு கேட்கும் கேள்வி நினைவுக்கு வந்தது. "எது வரிக்கும் வந்துச்சு? அத கேளு மொதல்ல. தேனாம்பேட்டை வரிக்கும் வந்து சைதாப்பேட்டைக்கு வரலன்னா, அடைப்பு நடுவுலதான் கீது."

இதில் எது வரை வருகிறது? நடுவில் எங்காவது கம்பியை வெட்டினாற்போல நிறுத்தி, அது வரை ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் நிறுத்துகிற இடத்தில் மூடி வேண்டும். மூடாத முனை ஓடாது. அது ஏன் என்று தெரியாவிட்டாலும், ஓடாது என்பது தெரியும். விக்கி உபரியாக ஒரு மூடியை அவள் மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் போயிருந்தான். "இருக்கட்டும்க்கா, எப்பவாவது வேணும்" என்று.

கம்பியின் நடுவில் இருந்தது ஜமீலுன்னிசாவின் கம்ப்யூட்டர். அதன் முதுகில், மேனேஜர் அறைப் பக்கமாகப் போகும் கம்பியைக் கழற்றினாள். அந்த இடத்தில் மூடியைத் திருகினாள். "ஜமீலா, நிறுத்திட்டுப் போடு."

திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு பெயர் கேட்டது. சர்வர் வந்துவிட்டது.

"யா அல்லா" என்றாள் ஜமீலுன்னிசா. "எனக்கு வந்திடுச்சு!"

"எனக்கும் வந்துடுச்சு" என்றது இந்தப் பக்கத்து மேஜை ஒன்று. அந்தப் பக்கத்து மேஜைகள் இன்னும் இருட்டு. ஆக, கோளாறு அந்தப் பக்கம். அன்புச்செல்வி விறுவிறுவென்று அந்தப் பக்கம் நகர்ந்தாள். டெலக்ஸில் முதல் முறை எதிர்முனை தன் பெயரைச் சொன்னபோதும் அவளுக்கு இப்படித்தான் இருந்தது. மிச்சக் கம்பியின் நடுவில் அதே மாதிரி செய்தாள். ஓடியது. மறுபடியும். ஷிப்பிங் கிளார்க், கேட்காமலே, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

மிஞ்சியது மேனேஜர் அறை. அவள் காலையிலிருந்து தவிர்த்த இடமும் அதுதான். அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் மேஜைக்கு அடியில் எப்படிப் போவது?

"சார், கொஞ்சம் எழுந்துக்க முடியுமா?"

அவர் பேனாவோடு எழுந்து நின்றார். அவள் குனிந்து கடைசிக் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தாள். மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை வாய் திறந்திருந்தது.

"சார், இங்க ஒரு மூடி இருந்துச்சே?"

"இருந்துது. பூஜையில வச்சேன்."

மேஜைக்கு அடியிலிருந்து அவள் தலை மட்டும் வெளியே வந்தது.

"நீங்கதானேம்மா கேட்டேள், பொட்டு எங்க வைக்கறதுன்னு? அந்தப் பையன் இதுதான் உயிர்னு சொன்னான். திருகி எடுத்து, துடைச்சு, சந்தனம் வச்சு, ஸ்வாமி முன்னாடி வச்சேன். பூஜையில வச்சதை நடுவுல எடுக்கப்படாது. அப்புறம் மறந்தே போய்ட்டேன். என்ன, தப்பா?"

வாசலில் ஜமீலுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். "உயிர எடுத்து சாமிகிட்டயே குடுத்துட்டா, மிச்சம் எப்படி சார் ஓடும்?"

ஆபீஸ் முழுக்க வெடித்தது. ஸ்ரீனிவாசராகவனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அன்புச்செல்வி உபரி மூடியை அங்கே திருகிவிட்டு எழுந்தாள். முழங்காலில் இரண்டு வட்டமாகத் தூசி. எல்லாத் திரையும் பெயர் கேட்டது. தாம்பாளத்தில், வாடிய சாமந்திக்கு அடியில், பழைய மூடி கிடைத்தது. ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

"அப்போ முடிவு பண்ணிட்டேள்னு எடுத்துக்கலாமா?" என்றார் அவர்.

"சாயங்காலம் சொல்றேன் சார்."

அவர் வியப்போடு பார்த்தார். ஜமீலுன்னிசா நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள்.

மத்தியானம் விக்கி வந்தான், நெற்றியில் குங்குமத்தோடு. நடந்ததைக் கேட்டு ஒரு மேஜை மேல் சாய்ந்து சிரித்தான். பிறகு பையிலிருந்து மின்தடை அளக்கும் மீட்டரை எடுத்தான். "மேஜை மேஜையா போயிருக்கவே வேணாம்க்கா. எங்கயாவது ஒரு இடத்துல இதை வெச்சா போதும். இருபத்தஞ்சு ஓம் காட்டினா ரெண்டு மூடியும் இருக்கு. அம்பது காட்டினா ஒண்ணு இல்ல."

அவளுக்கு ரோஷம் வரவில்லை. மீட்டரை வாங்கி அவளே வைத்துப் பார்த்தாள். இருபத்தைந்து. "மூடியக் கழட்டினா எதுக்கு ஏறுது? குறையத்தானே வேணும்?"

"அது..." விக்கி நிறுத்தினான். "ஒரே தண்ணியப் பங்கு போட ரெண்டு ஓட்டை இருந்தா சுலபமாப் போவும்ல? ஒரு ஓட்டைய அடைச்சா சிரமம். அந்த மாதிரி."

"சரி. அது புரியுது. ஆனா மூடி எதுக்கு? கம்பிதான் முடிஞ்சுபோச்சே."

"அது மட்டும் எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நானும் ஏன்னு கேக்கல."

அவள் சந்தன மூடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தி. நகர் பஸ் ஏறினாள்.

இன்ஸ்டிட்யூட் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். புத்தாடைக் கூட்டம். பெரும்பாலும் பையன்கள், கூடவே அப்பாக்கள். மேஜையில் இருந்த பெண் அவளைப் பார்த்து, "யாரை மேடம் சேர்க்கணும்? பையனா, பொண்ணா?" என்றாள்.

"என்னத்தான்."

அந்தப் பெண் ஒரு கணம் தடுமாறிவிட்டு மனப்பாடமாக ஆரம்பித்தாள். "ரொம்ப நல்லது மேடம். ரெண்டாயிரமாவது வருஷத்துல நெட்வொர்க்கிங் தெரியாதவங்களே இருக்க மாட்டாங்க."

"அப்போ தெரிஞ்சவங்களுக்கு வேலை இருக்காதேம்மா."

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்புச்செல்வி கைக்குட்டையை அவிழ்த்து மூடியை மேஜை மேல் வைத்தாள். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. கம்பியோட முனையில இத ஏன் போடணும்? பதில் சொன்னா சேர்றேன். இல்லன்னா எனக்கு ஆபீஸ்ல ஜன்னலோரமா ஒரு சேர் காத்துக்கிட்டு இருக்கு."

பெண் உள்ளே திரும்பி, "காதர் சார்!" என்று கூப்பிட்டாள். தொன்னையில் சுண்டலோடு ஒருவர் வந்தார். பாடம் எடுப்பவர். மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"இன்னாங்க இது, கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி கீது?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. "ஏன்னு பசங்க கேக்க மாட்டாங்க. பரீட்சையில வராதுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார். சுற்றிலும் பார்த்தார். தோரணம் கட்டியதில் மிஞ்சிய கயிறு மூலையில் கிடந்தது. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டி, மறு முனையைப் பிடித்து ஒரு உதறு உதறினார். கயிற்றில் ஒரு மேடு எழுந்து ஜன்னல் வரை ஓடியது. மோதியது. திரும்பி அவர் கைக்கே வந்தது.

"போனது நான் அனுப்பினது. திரும்பி வந்துச்சே, அத யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பல."

"ஆனா கம்பியில இருக்கிற மெஷினுக்கு அது தெரியாது. யாரோ குறுக்க பேசறாங்கன்னு எல்லாம் வாய மூடிக்கும். அவ்ளோதான், உங்க ஆபீஸ் கதை." கயிற்றை ஜன்னலிலிருந்து அவிழ்த்து முனையை அவளிடம் நீட்டினார். "புடிங்க. இறுக்காதீங்க. வர்றத வாங்கிக்கங்க."

உதறினார். மேடு ஓடி வந்தது. அவள் உள்ளங்கையில் இறங்கி அடங்கிவிட்டது.

"இப்ப நீங்கதான் அந்த மூடி."

அன்புச்செல்வி கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பாக்கள் வரிசையில் செருமினார்கள்.

"இறுக்கிப் புடிச்சா திரும்புது. விட்டுட்டாலும் திரும்பும் போல. எவ்ளோ இறுக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

காதர் சுண்டல் தொன்னையைக் கீழே வைத்தார். "அது ரெண்டாவது மாசத்துப் பாடம்."

"அது வரைக்கும் காத்திருக்கணுமா?"

"சேர்ந்தா காத்திருக்கணும். சேரலன்னா காத்திருந்தும் பிரயோஜனம் இல்ல."

அவள் மேஜைப் பெண்ணிடம் திரும்பினாள். "பேரு எழுதிக்கம்மா. அன்புச்செல்வி."

உஸ்மான் ரோட்டில் ஒரு போன் கடையிலிருந்து மேனேஜருக்குப் பேசினாள். "சார், அந்த சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆத்துல சொல்லியாச்சா?"

"இனிமேத்தான் சார்."

அதன்பின் அவள் இழுத்த கம்பிகள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எத்தனையோ சுவர்களுக்குள் இருக்கின்றன. கறுப்புக் கம்பி போய் நீலக் கம்பி வந்தது. அதற்கு மூடி தேவைப்படவில்லை. அது ஏன் என்றும் தெரிந்துகொண்டாள். எந்த இறுக்கத்தில் அலை திரும்பாது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மகள் பின்னாளில் பொறியியல் கல்லூரியில் அதைப் படித்துவிட்டு வந்தபோது, அவள் சொல்வதற்கு முன்பே அம்மா அதை எழுதிக் காட்டினாள், காய்கறி வாங்கி வந்த காகிதத்தின் பின்புறத்தில்.

வகுப்பில் சேர்ந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது வடிவேலு லுங்கியோடு வாசலில் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சேர்ந்துட்டியா?"

"சேர்ந்துட்டேன்."

"அந்த ஆபீஸ் சேரு?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, துணிகாயும் கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஆணியிலிருந்து அவிழ்த்தாள். காய்ந்த துணிகளை உருவி மகளின் தோளில் போட்டாள்.

"இன்னாமே பண்ற? மூளை கீள கலங்கிச்சா?"

"அந்த முனைய அவுத்து நீ புடி. இறுக்கிப் புடிக்காத. வர்றத வாங்கிக்கோ."

"இன்னா வரும்?"

"புடியேன், சொல்றேன்."

வடிவேலு முணுமுணுத்துக்கொண்டே முனையை அவிழ்த்துப் பிடித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் கயிறு லேசாகத் தொங்கியது. அவள் ஒரு உதறு உதறினாள். மேடு ஒன்று எழுந்து வாசலைக் கடந்து ஓடியது. அவன் கையில் போய் அடங்கியது.

"வந்துச்சு" என்றான். "அப்புறம்?"

"திரும்பி வரல பாரு" என்றாள் அவள்.